டிரஸ்ட் பேரில் உள்ள யானைத்தட நிலத்தை மாற்றிக்கொள்ள முடியுமா?

பலாமரத்தடி:
வணக்கம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சரிவில், குஞ்சப்பனைப் பக்கம் எங்கள் டிரஸ்டுக்கு 9 ஏக்கர் இருக்கிறது. டிரஸ்டிகள் 6 பேர். நான் பொருளாளர், அதாவது பில்களை அட்டைப்பெட்டியில் போட்டு வைப்பவன். பலா பழுக்கும் காலத்தில் யானைகள் அந்த வழியாகத்தான் போய்வரும். அதற்காகவே வாங்கிய நிலம். 5 ஏக்கர் பொதுமக்கள் நன்கொடையில் வாங்கினோம், 4 ஏக்கர் ஒரு கம்பெனியின் சிஎஸ்ஆர் பணத்தில், அதாவது கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காகச் செலவிடும் பணத்தில். காவல் கொட்டகையும் தண்ணீர்த் தொட்டியும் அரசு மானியத்தில் கட்டியவை.

இப்போது தலைவரின் தம்பி ஒரு யோசனை சொல்கிறார். சாலையோர 2 ஏக்கரை அவருக்குக் கொடுத்தால், மேலே உள்ள தன்னுடைய 5 ஏக்கர் தேயிலையை டிரஸ்டுக்கு எழுதித் தருவாராம். 2 கொடுத்து 5 வாங்குவது லாபம்தானே என்று கூட்டத்தில் மற்றவர்கள் தலையாட்டிவிட்டார்கள். மினிட்ஸ் நோட்டு என்னிடம் வந்தபோது, பேனாவில் மை இல்லை என்று சொல்லித் தப்பித்து வந்திருக்கிறேன். நிலம் எங்கள் பேரில் இருக்கிறது. 6 பேரும் ஒத்துக்கொண்டால் போதாதா?

தணிக்கைக்காரன்:
போதாது சார். பத்திரத்தில் டிரஸ்ட் பேர் இருக்கிறது, ஆனால் உள்ளே போன பணம் ஒவ்வொன்றும் ஒரு நிபந்தனையோடு வந்திருக்கிறது.

முதலில் டிரஸ்ட் டீடை, அதாவது டிரஸ்டை உருவாக்கிய பத்திரத்தைப் பாருங்கள். விற்கவோ பரிமாற்றம் செய்யவோ அதிகாரம் எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அதிகாரம் இருந்தாலும் பொது அறக்கட்டளை என்பதால், அக்கறையுள்ள 2 பேர் சேர்ந்து நீதிமன்ற அனுமதியோடு சிவில் நடைமுறைச் சட்டம் 92ஆம் பிரிவில் உங்கள் மேல் வழக்குப் போட முடியும்.

சிஎஸ்ஆர் பணத்தில் உருவான சொத்து தனி விவகாரம். 2021 ஜனவரியில் திருத்திய விதிப்படி, அதை அறநோக்கம் உள்ள, சிஎஸ்ஆர் பதிவு எண் வாங்கிய டிரஸ்ட், சொசைட்டி, 8ஆம் பிரிவுக் கம்பெனி (லாப நோக்கமில்லாத கம்பெனி) போன்றவை, பயனாளிகளின் சுய உதவிக் குழு, அல்லது அரசு அமைப்பு வைத்திருக்கலாம். பணம் கொடுத்த கம்பெனியே வைத்துக்கொள்ள முடியாது. தலைவரின் தம்பி இதில் எந்த வகை?

மானியம் மத்திய அரசினுடையது என்றால் பொது நிதி விதிகள் 2017 வரும். மானியத்தில் உருவான சொத்தை, மானியம் கொடுத்தவர்களின் முன் அனுமதி இல்லாமல் கைமாற்றக்கூடாது. மாநில மானியம் என்றால் ஆணையில் உள்ள நிபந்தனையைப் படியுங்கள், பெரும்பாலும் இதே சாயலில்தான் இருக்கும்.

எனக்கு ரொம்பவே உறுத்துவது ‘தம்பி’. வருமான வரிச் சட்டத்தில் டிரஸ்டியின் உடன்பிறந்தவரும் நெருங்கியவர் பட்டியலில் வருகிறார். சரியான ஈடு இல்லாமல் டிரஸ்ட் சொத்து அவர் கைக்குப் போனால் வரிவிலக்குக்கே ஆபத்து. ஏக்கரை எண்ணினால் லாபம், சந்தை மதிப்பைப் போட்டுப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற ரேஞ்சர்:
ஆடிட்டர் பணத்தைப் பார்த்துவிட்டார், நான் நிலத்தைப் பார்க்கிறேன். 1949ஆம் வருடத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் நிலம் என்றால் விற்பனை, அடமானம், குத்தகை எதற்கும் மாவட்டக் குழுவின் முன் அனுமதி வேண்டும். மரம் வெட்டவும்தான். கலெக்டர் அலுவலகத்தில் பட்டியலைச் சரிபாருங்கள்.

அப்புறம், யானைக்கு ஏக்கர் கணக்கு தெரியாது சார். சாலையைக் கடக்கிற இடத்தை விட்டுவிட்டு மேலே தேயிலை வாங்கி என்ன பயன்? நீலகிரியின் சீகூர் யானை வழித்தட வழக்கில் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழித்தட அறிவிப்பு செல்லும் என்றே தீர்ப்பு சொன்னது. வயநாட்டில் திருநெல்லி–குத்ரகோட் தடத்துக்கு ஒரு தொண்டு அமைப்பு நிலத்தை வாங்கி, கடைசியில் கேரள வனத்துறையிடமே ஒப்படைத்தது. அதையும் யோசியுங்கள். சமூகக் காப்பகமாக (தனியார் அல்லது சமூக நிலத்தை வனவிலங்குப் பாதுகாப்புக்கென அரசு அறிவிப்பது) அறிவிக்கக் கேட்கலாம், ஆனால் அறிவித்த பிறகு நிலப் பயன்பாட்டை மாற்ற அரசு ஒப்புதல் வேண்டும். உங்கள் தலைவருக்கு அது பிடிக்காது.

பலாமரத்தடி:
அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துத் தேடினேன். கேட்கிற 2 ஏக்கரும் சிஎஸ்ஆர் 4 ஏக்கருக்குள்தான் வருகிறது. மானியக் கொட்டகை நிற்பதும் அதிலேயே. டீடில் பரிமாற்றம் பற்றி ஒரு வரிகூட இல்லை. இதைத் தலைவரிடம் போனில் சொல்லவா, நேரில் போகவா?

தணிக்கைக்காரன்:
இரண்டும் வேண்டாம் சார். எழுத்தில் கொடுத்து, நகலில் ‘பெற்றேன்’ என்று கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த மினிட்ஸில் உங்கள் ஆட்சேபம் முழுசாக ஏற வேண்டும். அன்றைக்குப் பேனாவில் மை இருக்கட்டும்.