புதுப்பிப்பு: யாஷிகாவில் ஒளிக்கசிவு நின்றது

மாமாவின் பழைய ஃபிலிம் கேமரா யாஷிகா எலக்ட்ரோ 35 பற்றிப் போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: படமெல்லாம் செம்மஞ்சள் கோடு, பேட்டரி போட்டாலும் விளக்கு எரியாது. கோட்டுக்குக் காரணம் நீங்கள் சொன்னதுதான், வெளிச்சம் உள்ளே புகாமல் தடுக்கப் பின்கதவுப் பள்ளத்தில் இருந்த ஃபோம். தார் மாதிரி இளகி விரலெல்லாம் ஒட்டியது. பல்குச்சியில் பஞ்சு சுற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, இரண்டு மாலை சுரண்டினேன். ஷட்டர் பக்கம் ஒரு துளி போய்விடுமோ என்று பயம் வேறு. அப்புறம் அம்மாவின் கறுப்புக் கம்பளி நூலைப் பள்ளத்தில் பதித்தேன்.

பேட்டரி அறையில் பச்சைக் களிம்பு. வினிகர் தொட்டுத் துடைத்ததும் போனது. பழைய 5.6 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது வருவதில்லை. 6 வோல்ட் பேட்டரியோடு ஒரு ஸ்பிரிங்கைச் செருகினேன், விளக்கு எரிந்தது!

ஒரு ரோல் கழுவி வந்துவிட்டது, கோடே இல்லை. ஃபோகஸ் பார்க்கும் ரேஞ்ச்ஃபைண்டர் மட்டும் இன்னும் மங்கல். மேல்மூடியைக் கழற்றத் தைரியம் வரட்டும்.