பொக்லைன் இறங்க வழியில்லாத வண்டல் குழி

அழுக்கு நீரைச் செடிகளும் நுண்ணுயிரிகளும் சுத்திகரிக்கும்படி நாமே அமைப்பதுதான் செயற்கை ஈரநிலம். அதைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் செடிகளைப் பற்றியே பேசுவதால், நான் வண்டலைப் பற்றி எழுதுகிறேன். சென்னையின் தென்புறநகரில், ஏரிக்குள் விழும் ஒரு மழைநீர் வடிகாலின் வாயில் ஏறத்தாழ அரை ஏக்கரில் செயற்கை ஈரநிலம் அமைத்த குழுவில் நான் பொறியாளராக இருந்தேன். வரைபடத்தில் குறையேதும் தெரியவில்லை. முதலில் நீரில் வரும் மண் படிந்து தங்கும் வண்டல் குழி, அடுத்து கருங்கல் ஜல்லிப் படுகை, அதில் சம்பு, கோரை, கல்வாழை, கடைசியில் ஏரிக்குள் நீர் வழியும் சிறிய கலங்கல்.

மழை தொடங்கியதும் சாலையிலிருந்து முதலில் வழிந்து வரும் நீர்தான் மிகவும் அழுக்கானது. அதில் வரும் டயர்த் துகள், எண்ணெய்ப் பிசுக்கு, துத்தநாகம், ஈயம் முதலியவற்றில் கணிசமான பங்கு மண் துகள்களில் ஒட்டிக்கொண்டே வருவதால், மண்ணைத் தடுத்து நிறுத்துவதுதான் முதல் வேலை. நீரில் கரைந்திருக்கும் அமோனியா போன்றவற்றை, ஜல்லியிலும் வேரிலும் படர்ந்த நுண்ணுயிரிகள் சிதைக்கின்றன. செடி தானே உறிஞ்சுவது அதைவிடக் குறைவு. பார்க்க வருபவர்கள் என்னவோ கல்வாழைப் பூவைத்தான் படம் எடுப்பார்கள்.

ஐப்பசியில் இரண்டு பெருமழை பெய்ததும் குழி நிரம்பிவிட்டது. அதன் பிறகு வந்த வண்டல் நேராக ஜல்லிக்குள் புகுந்து இடுக்குகளை அடைத்ததால், படுகைக்குள் ஊடுருவ வேண்டிய நீர் அதன் மேலாகவே ஓடி ஏரியை அடைந்தது. தூர் வார பொக்லைனை வரவழைத்தோம். ஓட்டுநர் ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு, "சார், வண்டி எங்கே இறங்கும்?" என்று கேட்டார். மூன்று புறம் சுவரும் நான்காம் புறம் படுகையுமாகக் கட்டியிருந்த எங்களிடம் பதில் இல்லை. முடிவில் ஆட்களை இறக்கி, மண்வெட்டியாலும் கூடையாலும் நான்கு நாள் அள்ள வைத்தோம். அந்த வடிகாலில் வீட்டுக் கழிவுநீரும் கலந்து வந்தது என்பதை நினைத்தால், இதை எழுதவே கூசுகிறது.

மறு கோடையில் ஒரு சுவரை இடித்துச் சாய்தளம் அமைத்து, குழியின் அடியில் காங்கிரீட் தளம் போட்டோம். பெருவெள்ளம் படுகையைத் தொடாமல் விலகிச் செல்லத் தனிக் கால்வாயும் வெட்டினோம். இப்போது ஆண்டுதோறும் புரட்டாசிக்கு முன்பே தூர் வாரிவிடுகிறார்கள்.

மறுமொழி: ஐயா, நான் சிங்கப்பூரில் பிஷான்–ஆங் மோ கியோ பூங்காவுக்கு அருகில் வசிக்கிறேன். அங்கே காங்கிரீட் கால்வாயாக நேரே ஓடிய காலாங் ஆற்றை, கரைகளில் செடி கொடிகளுடன் ஏறக்குறைய 3 கிலோமீட்டருக்கு வளைந்து ஓடும் ஆறாக மாற்றி, 2012இல் திறந்தார்கள். பூங்காவில் படிப்படியாக அமைந்த செடிப் படுகைகள் நீரைச் சுத்திகரிக்கின்றன. பணியாளர்கள் தண்டுகளை வெட்டி எடுத்துச் செல்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அழகுக்காகவே என்று நினைத்திருந்த எனக்கு, விட்டுவைத்தால் அவை அழுகி, உறிஞ்சிய சத்துகளை மீண்டும் நீருக்கே கொடுத்துவிடும் என்று ஒருவர் விளக்கினார். நீங்கள் வெட்டிய சம்பை எங்கே போட்டீர்கள்?

மறுமொழி: முதல் ஆண்டு ஏரிக்கரையிலேயே குவித்தோம். அடுத்த மழையில் அதில் பெரும்பகுதி ஏரிக்குள் போய்விட்டது.