பேஸ்பால் பிட்சர் (பந்து போடுறவர்) பார்ட்டோலோ கோலோன் பந்து போட்டதை நேர்ல பாத்தவங்க இருக்கீங்களா? அனுபவம் சொல்லுங்க

குயின்ஸ்காரன்:
ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். அவரு நியூயார்க் மெட்ஸ் டீம்ல இருந்தப்ப (2014ல இருந்து 2016 வரைக்கும்) ஒரு ஞாயித்துக்கிழமை ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் கேன்டீன்ல தோசைய முடிச்சிட்டு அப்படியே மெட்ஸ் ஸ்டேடியம் சிட்டி ஃபீல்டுக்குப் போயிட்டோம், ஆபீஸ்ல யாரோ வரலைன்னு கைக்கு வந்த டிக்கெட், பேட்டர் நிக்கிற இடத்துல இருக்குற பிளேட்டுக்குப் பின்னாடி கொஞ்சம் சைடுல, என் சம்பளத்துக்கு நானா வாங்குற சீட்டே கிடையாது. அவரு எப்படி இருப்பாருன்னு உங்களுக்குத் தெரியும், 285 பவுண்டு, வயசு நாப்பது தாண்டியாச்சு, போர்டுல பந்து வேகம் 88, 89 மைலுன்னு காட்டுது. அதே டீம்ல சின்டர்கார்ட் பையன் 98, 99ன்னு போட்டுக்கிட்டு இருந்த காலம் அது. இவரைப் போய் யாரு அடிக்காம விடுவாங்கன்னுதான் உக்காந்திருந்தேன்.

ஒரு லெஃப்ட் ஹேண்ட் பேட்டர் வந்தான். பந்து நேரா அவன் இடுப்புக்குப் போகுது. அவன் வயித்தை எக்கிக்கிட்டு பின்னாடி குதிச்சிட்டான். கடைசி ரெண்டடியில அது அப்படியே உள்ள திரும்பி பிளேட்டோட ஓரத்தை உரசிட்டுப் போய் கேட்சர் கையில உக்காந்துருச்சு. ஸ்ட்ரைக் த்ரீ, ஆளு அவுட். அவன் அம்பயரைப் பாக்கல, பிட்சர் நிக்கிற மவுண்டையும் பாக்கல, குனிஞ்சு தன்னோட பெல்ட்டைப் பாத்தான். கோலோன் அதுக்குள்ள சூயிங் கம் மென்னுக்கிட்டே டீம் உக்காருற டக்-அவுட் பக்கம் பாதி தூரம் நடந்துட்டாரு. அந்தப் பையன் பெல்ட்டைப் பாத்தது இன்னும் எனக்கு மறக்கல. வேற யாருக்காவது இப்படி ஏதாவது?

பசிபிக் ராசா:
தல, நான் சான்டியாகோ. 2016 மே 7, சனிக்கிழமை, பெட்கோ பார்க். தேதியைச் சொன்னாலே உங்களுக்குப் புரிஞ்சிருக்கும் 😄

அப்பா திருநெல்வேலியில இருந்து வந்திருந்தாரு, வீட்டுல உக்காந்து போரடிக்குதுன்னு சொன்னாருன்னு கூட்டிட்டுப் போனேன், பேஸ்பால்னா என்னன்னே தெரியாது அவருக்கு, கிரிக்கெட்டை வச்சு ஒண்ணொண்ணா சொல்லிக்கிட்டு வர்றேன், அதுக்குள்ள ரெண்டாவது இன்னிங்ல கோலோன் பேட்டைத் தூக்கிட்டு வந்தாரு. அப்பல்லாம் மெட்ஸ் ஆடுற நேஷனல் லீக்ல பிட்சரும் பேட் புடிச்சே ஆகணும், 2022ல இருந்து அந்தக் கதையே முடிஞ்சுபோச்சு, பந்தும் போட்டு பேட்டும் புடிக்கிற ஓட்டானிய விட்டுடுங்க. இவரு பேட்டைச் சுத்துனா ஹெல்மெட்தான் முதல்ல கீழ விழும், அதைப் பாக்கவே ஜனம் காத்துக்கிட்டு இருக்கும். சான்டியாகோ பிட்சர் ஷீல்ட்ஸ் போட்டான், இவரு சுத்துனாரு, லெஃப்ட் ஃபீல்டு சுவரைத் தாண்டிப் போய் விழுந்துருச்சு. ஹோம் ரன், நம்ம சிக்ஸர் மாதிரி! வாழ்க்கையில முதல் ஹோம் ரன், 43 வயசு ஆக ரெண்டரை வாரம்தான் பாக்கி. அதுக்கு முன்னாடி ரொம்ப வயசாகி முதல் ஹோம் ரன் அடிச்ச ரெக்கார்டு ராண்டி ஜான்சன் கையில, அவருக்கு 40.

எதிர் டீம் ஊருலயே ஜனம் எந்திரிச்சு நின்னு கத்துது. இவரு பேட்டைக் கூடக் கீழ போடாம முதல் பேஸ் பக்கம் வரைக்கும் தூக்கிக்கிட்டே போறாரு, சுத்தி வர்றதுக்கு அரை நிமிஷம் ஆச்சு. வந்து பாத்தா டக்-அவுட்ல ஒரு ஈ காக்கா இல்ல. மெட்ஸ் பயலுக எல்லாரும் கேலிக்கு உள்ள போயி ஒளிஞ்சிக்கிட்டானுக. அப்பாவுக்கு அது தெரியாதுல்ல, மூஞ்சியே மாறிப்போச்சு. "என்னல இது, கூட ஆடுறவன் ஒருத்தன்கூட கை குடுக்க வரல. பெரிய மனுசன்ல அவரு." நான் இது சும்மா கேலிப்பா, இப்ப வந்துருவாங்கன்னு சொல்றேன், அவரு நம்பல. அப்புறம் எல்லாரும் வெளிய வந்து கட்டிப்பிடிச்சப்பதான் ஒரு மூச்சு விட்டாரு. இப்ப போன்ல பேசும்போதும் "அந்த குண்டு மனுசன் எப்படி இருக்காரு"ன்னு கேக்குறாரு. மெட்ஸ் 6-3 ஜெயிச்சதெல்லாம் அவருக்கு ஞாபகமே இல்ல.

பே ஏரியா சித்தப்பா:
எல்லாரும் தாத்தா தாத்தான்னு கொஞ்சுறீங்க, சரி, கொஞ்சுங்க. நான் ஓக்லண்ட் ஏ'ஸ் டீம் ரசிகன், 2012ல அவரு எங்க டீம்ல இருந்தாரு. 2012 ஆகஸ்ட் 22 யாருக்காவது ஞாபகம் இருக்கா? ஊக்கமருந்து டெஸ்ட்ல கோலோனுக்கு டெஸ்டோஸ்டிரோன் பாசிட்டிவ், 50 கேம் சஸ்பென்ஷன். அதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான் பக்கத்து ஊரு ஜயன்ட்ஸ்ல மெல்கி கப்ரேராவும் அதே விஷயத்துல மாட்டினான், நாங்க ஆபீஸ்ல ஜயன்ட்ஸ்காரங்களைப் போட்டு ஓட்டு ஓட்டுன்னு ஓட்டிக்கிட்டு இருந்தோம். எங்களுக்கே திரும்பிடுச்சு.

என் பையனுக்கு அப்ப ஒன்பது வயசு. ஃபிரிட்ஜ் கதவுல கோலோன் படத்தை பேப்பர்ல இருந்து வெட்டி ஒட்டி வச்சிருந்தான். அன்னிக்கு சாயங்காலம் நியூஸ் கேட்டுட்டு ஒரு வார்த்தை பேசல, ஸ்டூலைப் போட்டு ஏறி, காந்தத்தை எடுத்து, படத்தை நாலா மடிச்சு குப்பையில போடாம என் கையில குடுத்துட்டுப் போயிட்டான். அதை வச்சிக்கிட்டு நான் என்ன பண்ண? அந்த வருஷம் அவரு இல்லாமலே ஏ'ஸ் கடைசி நாள்ல டெக்சாஸை அடிச்சு தங்க டிவிஷன்ல முதல் இடத்தை எடுத்தாங்க, அப்புறம் டெட்ராய்ட்கிட்ட அஞ்சு கேம்ல தோத்தாங்க. அவரு இருந்திருந்தா என்னன்னு இன்னும் தோணும். 2005ல சிறந்த பிட்சருக்குக் குடுக்குற சை யங் அவார்டே அவருக்குக் குடுத்திருக்கக் கூடாது, அது தனிக் கதை.

லெஃப்ட் ஆர்ம் மணி:
2012 ஏப்ரல் 18 அனாஹைம், நான் அங்க இருந்தேன். அஞ்சாவது இன்னிங்ல இருந்து எட்டாவது வரைக்கும் தொடர்ச்சியா 38 ஸ்ட்ரைக், நடுவுல ஒரு பந்து கூட வெளிய போகல. எங்க வரிசையில ஒருத்தருக்கும் அது தெரியல, வீட்டுக்கு வந்து டிவியில சொன்னப்பதான் தெரிஞ்சுது. அவ்ளோதான் என் கதை.

ஆனா @பே ஏரியா சித்தப்பா, உங்க பையன் பந்து போடுறானா? போட்டான்னா (இல்ல, வேற யாரு வீட்டுப் பையனாவது போட்டான்னா) ஒண்ணு சொல்றேன் கேளுங்க. சின்னப் பசங்க ஆடுற லிட்டில் லீக்ல 9, 10 வயசுக்கு ஒரு நாளைக்கு 75 பந்து, 11, 12 வயசுக்கு 85. 66க்கு மேல போட்டா நாலு நாள் கட்டாயம் ரெஸ்ட். இதெல்லாம் கோச்சுக்குத் தெரியும், ஆனா பையன் சனிக்கிழமை ஒரு டீம், ஞாயித்துக்கிழமை இன்னொரு டீம்னு போவான், ரெண்டு கோச்சும் அவங்கவங்க கணக்கைத்தான் பாப்பாங்க, மொத்தமா எண்ண வேண்டியது நீங்கதான். நோட்டுல எழுதுங்க. அப்புறம் நம்மாளுங்க கிரிக்கெட் ஆடி வந்தவங்க, ரன்-அப் இல்லாம நின்ன இடத்துல இருந்து கையை மட்டும் வச்சு போடச் சொல்லிக் குடுக்குறாங்க, தப்பு, வேகம் கால்ல இருந்தும் இடுப்புல இருந்தும் வரணும், இல்லேன்னா பாரம் எல்லாம் முழங்கை மேல. முழங்கை உள்பக்கம் வலிக்குதுன்னு பையன் சொன்னா ஐஸ் வச்சு அனுப்பாதீங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க. கோலோனுக்கே 2005 ப்ளே-ஆஃப்ல யாங்கீஸுக்கு எதிரா ஆடும்போது தோள் போயி ரெண்டாவது இன்னிங்லயே வெளிய வந்தாரு, அப்புறம் நாலஞ்சு வருஷம் ஒண்ணும் உருப்படல, 2010 முழுக்க ஆடவே இல்ல, தோள்லயும் முழங்கையிலயும் ஸ்டெம் செல் ஊசி போட்டுக்கிட்டுதான் 2011ல யாங்கீஸ்ல திரும்ப வந்தாரு. எல்லாருக்கும் அப்படி ரெண்டாவது தடவை வாய்க்காது. கர்வ்பால் (வளைஞ்சு திரும்புற பந்து) கத்துக் குடுக்க அவசரப்படாதீங்க. கோலோன் கடைசி வருஷங்கள்ல பெரும்பாலும் ஃபாஸ்ட்பால் ஒண்ணையே வச்சுதான் ஓட்டினாரு, அது போதும்.

குயின்ஸ்காரன்:
மணி அண்ணே, கதை நாலு வரி, அட்வைஸ் நாப்பது வரி 🙏

மொன்றியல் தம்பி:
நீங்கள் எல்லாரும் கிழட்டு கோலோனைத்தான் கண்டிருக்கிறியள். நான் 2002ல மொன்றியல்ல கண்டனான். எக்ஸ்போஸ் எண்டு எங்கட டீம். ஒலிம்பிக் ஸ்டேடியத்தில சனமே இல்லை, பள்ளிக்கூடப் பெடியள் நாங்கள் மலிவு டிக்கெட்டில போய் விரும்பின கதிரையில இருப்பம். அந்தாள் அப்ப கடைசி இன்னிங்கிலயும் 100 மைலுக்குக் கிட்டப் போடுவார். அந்த மூடின கூரைக்குக் கீழ கேட்சரின்ர கையில பந்து விழுற சத்தம் வெடி மாதிரிக் கேட்கும். ஒருக்கா எனக்கு முன்னால இருந்த கிழவர், பிரெஞ்சுக்காரர், ஒவ்வொரு பந்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் மூடிப் பாத்தன். மெய்யா வித்தியாசமாத்தான் இருந்தது.

ஆனா அந்தாளை எடுக்க கிளீவ்லாண்டுக்கு என்னத்தைக் குடுத்தவங்கள் தெரியுமோ? பிறகு ஸ்டாரா வந்த கிளிஃப் லீ, கிரேடி சைஸ்மோர், பிராண்டன் பிலிப்ஸ், மூண்டு பேரையும்! அடுத்த ஜனவரியில கோலோனையும் வைட் சாக்ஸுக்கு வித்துப்போட்டாங்கள். 2005ல டீமே வாஷிங்டனுக்குப் போட்டுது. கடைசியில எக்ஸ்போஸில ஆடின ஆக்களில மேஜர் லீக்கில மிஞ்சி நிண்டது அந்தாள் ஒருத்தர்தான், 2018ல டெக்சாஸுக்கு ஆடின வரைக்கும். அந்த வருஷம் 246ஆவது வெற்றியோட டெனிஸ் மார்ட்டினெஸையும் தாண்டினவர். மார்ட்டினெஸும் எங்கட எக்ஸ்போஸ் ஆள்தான் பாருங்கோ. லத்தீன் அமெரிக்க பிட்சர்மாரில அந்தாளின்ர 247 வெற்றிதான் உச்சம்.

பசிபிக் ராசா:
@பே ஏரியா சித்தப்பா சார், ஒண்ணு கேக்குறேன், கோச்சுக்காதீங்க. சஸ்பென்ஷன் முடிஞ்சு அடுத்த வருஷம் 2013ல உங்க அதே ஓக்லண்டுக்கு 18 வெற்றி 6 தோல்வி, ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்குக்குச் சராசரியா விட்ட ரன், கம்மியா இருந்தா நல்லது) 2.65, ஆல்-ஸ்டார். 40 வயசுல. மாட்டுனவனை விடாம டெஸ்ட் எடுத்திருப்பாங்கல்ல? அதையும் பையன்கிட்ட சொன்னீங்களா?

பே ஏரியா சித்தப்பா:
சொன்னேன். "அப்ப முதல்லயே அப்படிப் போட்டிருக்கலாமே"ன்னு கேட்டான், எனக்கு பதில் இல்ல. உங்களுக்கு இருந்தா சொல்லுங்க. அந்தப் படம் இன்னும் என் மேஜை டிராயர்லதான் கிடக்கு, பையனும் திருப்பிக் கேக்கல. 2013ல நானும் போய் கத்தினவன்தான், இல்லைன்னு சொல்லல.

ஆனா 2005 விஷயத்துல மட்டும் விட மாட்டேன். கோலோன் 21-8, ஈஆர்ஏ 3.48, ஸ்ட்ரைக்-அவுட் 157. யோஹான் சாந்தனா ஈஆர்ஏ 2.87, ஸ்ட்ரைக்-அவுட் 238. வெறும் 16 ஜெயிச்சாருன்னு மூணாவது இடத்துல தள்ளிட்டாங்க, மின்னசோட்டா டீம் ரன் அடிக்கலைன்னா அதுக்கு பந்து போடுறவன் என்ன பண்ணுவான்? இதுக்கு முதல்ல யாராவது பதில் சொல்லுங்க, அப்புறம் ஹெல்மெட் விழுந்த கதை பேசலாம்.