என்ஜிசி 1866 இன் வயது: திரும்பு முனையில் சிக்கி நிற்கிறோம், உதவி வேணும்

வணக்கம். கிளிநொச்சியில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். தை மாதத்தில் இரணைமடுக் குளக்கட்டில் நின்று, தெற்கே அடிவானத்துக்கு மேல் ஒரு கைமுட்டி உயரத்தில், பால்வீதிக்குப் பக்கத்திலுள்ள சிறிய விண்மீன் மண்டலமான பெரிய மெகலனிக் முகிலை அவர்களுக்குக் காட்டினேன். மங்கலாக, ஊதிவிட்ட சாம்பல் மாதிரி. "அதுக்குள்ள இருக்கிற கொத்துக்கு வயசு எத்தின சேர்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். அவள் கேட்டது என்ஜிசி 1866 என்ற விண்மீன் கொத்தைப் பற்றி. அந்தக் கேள்வியை விட மனமில்லை.

எங்கள் பால்வீதியின் கோளக் கொத்துகள் (பந்து போல நெருங்கித் திரண்ட விண்மீன் கூட்டங்கள்) பெரும்பாலும் 1,000 கோடி ஆண்டு தாண்டியவை. என்ஜிசி 1866 அப்படியில்லை, உருவில் கோளக் கொத்து, வயதோ ஏறக்குறைய 20 கோடி ஆண்டுதான். கையா விண்தொலைநோக்கியின் தரவை இறக்கி, விண்மீன்களின் நிறத்துக்கு எதிரே ஒளிர்வைக் குறிக்கும் நிற-ஒளிர்வு வரைபடம் போட்டோம். ஐதரசனை எரிக்கும் விண்மீன்கள் வரிசையாக விழும் முதன்மைத் தொடர் வடிவாக வந்தது. ஆனால் விண்மீன்கள் அந்தத் தொடரை விட்டு விலகத் தொடங்கும் இடமான, வயதைக் காட்டும் திரும்பு முனை ஒரு புள்ளியாக இல்லாமல் பட்டையாக அகன்று கிடக்கிறது. சமவயதுக் கோட்டை (ஒரே வயது விண்மீன்கள் விழவேண்டிய கணிப்புக் கோடு) 15 கோடி ஆண்டுக்கு வைத்தாலும் பொருந்துகிறது, 25 கோடிக்கும் பொருந்துகிறது.

வேகமாகச் சுழலும் விண்மீன்களாலும் இப்படி அகலும் என்று தெரியும். அப்புறம் நடுப்பகுதி நெரிசல், முகிலின் சொந்த விண்மீன்கள் வேறு கலந்திருக்கும். எது எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது? தூசியால் வரும் சிவப்பேற்றத்தையும் உலோகச் செறிவையும் (ஹீலியத்தை விடக் கனமான தனிமங்களின் அளவு) முதலில் எதை வைத்து நிலைப்படுத்துவீர்கள்? கொத்திலுள்ள செபீட் மாறு விண்மீன்களை (ஒழுங்கான கால இடைவெளியில் ஒளி கூடிக் குறைபவை) கொண்டு வயதைச் சரிபார்க்கலாமா?

செய்து பார்த்தவர்கள் படிப்படியாகத் தமிழில் எழுதினால் பிள்ளைகளிடம் அப்படியே கொடுப்பேன். வரைபடத்தைக் கீழே போட்டிருக்கிறேன்.