டொட் ஷொப்பில் எங்கள் கடைப் பெயர், ஆனால் கடை எங்களுடையதில்லை

செட்டியார் தெருவில் அப்பா காலத்து நகைக்கடை எங்களுடையது, டொட் கொம் இணைய முகவரியும் கையில் இருக்கிறது. போன கிழமை ஒரு அக்கா போனை நீட்டி, "இது உங்கட கடைதானே?" என்கிறார், பார்த்தால் அதே பெயர், முடிவில் டொட் ஷொப். இப்படி முகவரிக்கு இன்னும் புது முடிவுகள் வருமாம், எல்லாவற்றையும் வாங்கி வைக்கவா?

— வாங்கினால் கல்லாப்பெட்டி காலி, தம்பி. பெயரை வியாபாரக் குறியாகப் பதிந்தீர்களா? பதிந்தால் 10 வருடம் செல்லும், புதுப்பிக்கலாம்.

அந்தச் சான்றிதழை, இணையப் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகானின் ட்ரேட்மார்க் கிளியரிங்ஹவுஸில் (வியாபாரக் குறிகளின் பொதுப் பதிவேடு) ஏற்றுங்கள். புது முடிவு திறக்கும்போது, பெயர் பாவனையில் இருப்பதைக் காட்டினால், குறைந்தது 30 நாள் உங்களுக்கு முன்னுரிமை. அப்புறம் 90 நாள், அதே பெயரை எடுக்க வருபவருக்கு எச்சரிக்கை போகும். எச்சரிக்கைதான், தடை இல்லை. ஒரு எழுத்தை மாற்றிப் போட்டால் அதுவும் போகாது.

— பிரதேச செயலகப் பதிவு மட்டும்தான் அண்ணா இருக்கு.

— கிளியரிங்ஹவுஸுக்கு அது போதாது. ஆனால் டொட் ஷொப்காரருக்கு எதிராக யூடிஆர்பி, அதாவது இணையப் பெயர்த் தகராறு, முறைப்பாடு போடலாம், உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவில் ஒரு நடுவர் என்றால் 1,500 டொலர். கெட்ட நோக்கத்தோடு எடுத்தார் என்று காட்ட வேண்டும், பழைய பில், விளம்பரம் ஒன்றையும் எறியாதீங்க.