ஊதா, செவ்வூதா: பட்டியலில் எதை எங்கே வைப்பது?

வணக்கம். நேற்று ஒரு நண்பர் எழுதியது:

> வயலட், பர்ப்பிள் இரண்டுக்கும் ஊதா போதும். பொதுமக்கள் பிரித்துப் பார்ப்பதில்லை.

பொதுமக்கள் பிரித்துப் பார்ப்பதில்லை என்பது சரிதான். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் குலை வெட்டின என் அப்பாவுக்குச் செம்பனை (எண்ணெய்ப் பனை) பழத்தில் கருப்பு, சிவப்பு என்று இரண்டே நிறம்தான், கருப்பாக இருந்தால் காய், சிவந்தால் வெட்டலாம். அந்தக் 'கருப்பை' வெயிலில் வைத்துப் பார்த்தால் நல்ல பர்ப்பிள்! பேச்சு மலாயிலும் ஊங்கு என்ற ஒரே சொல்லை வைத்து ஓட்டிவிடுகிறோம். ஆனால் நாம் இப்போது தமிழாக்குவது தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கான ஓவியச் செயலியை, அதன் நிறப்பட்டியலில் இரண்டும் தனித்தனி வரியாக நிற்கின்றன, இரண்டு பொத்தானுக்கும் ஒரே பெயர் போட முடியாது.

என் வாக்கு: வயலட்டுக்கு ஊதா, பர்ப்பிளுக்குச் செவ்வூதா. வயலட் வானவில்லின் ஓரத்தில் இருக்கும் தனி ஒளி, அலைநீளம் ஏறக்குறைய 380 முதல் 450 நானோமீட்டர். பர்ப்பிள் வானவில்லில் கிடையாது, சிவப்பும் நீலமும் சேர்ந்து கண்ணுக்குப் படும்போது வருவது. அந்த ஓரத்துக்கு அப்பால் இருப்பதைத்தான் பாடநூல்கள் புறஊதா என்கின்றன. ஊதாவைத் தூக்கிப் பர்ப்பிளுக்குக் கொடுத்துவிட்டால் புறஊதா எதற்குப் புறம்? செவ்வூதா என்றால் சிவப்புக் கலந்த ஊதா, கேட்டவுடன் விளங்கும். மங்குஸ்தான் நிறம் என்று ஒருவர் சொன்னதும் எனக்குப் பிடித்தது, ஆனால் யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் உள்ள பிள்ளைக்கு அந்தத் தோலைக் காட்ட வேண்டியிருக்கும். (பழங்காலத்தில் ராஜாக்கள் உடுத்திய பர்ப்பிள் சாயம் கடல்நத்தையிலிருந்து எடுத்தது. நம் ஊர் சுங்கை சிப்புட் என்ற பெயருக்கே மலாயில் நத்தை ஆறு என்றுதான் பொருள், ஆனாலும் 'நத்தை நிறம்' என்று முன்மொழிய எனக்குத் துணிச்சல் இல்லை.)

மெஜந்தாவை அப்படியே விடலாம். 1859இல் இத்தாலியில் நடந்த சண்டையின் ஊர்ப்பெயர் அது, அதற்கு என்ன மொழிபெயர்ப்பு?

---

தம்பி, பாடநூலுக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் செயலியைத் திறந்து பார்த்தீர்களா? அதில் வயலட் என்று இருப்பதன் கலவை எண் சிவப்பு 238, பச்சை 130, நீலம் 238. வெளிறிப் போன நிறம். பர்ப்பிள் 128, 0, 128, அதுதான் அடர்த்தி. அந்த வெளிறலை ஊதா என்று காட்டினால் என் வகுப்புப் பிள்ளைகள் "டீச்சர், இது ரோஸ்" என்பார்கள். இருபது வருடம் கேட்ட குரல் அது.

---

உண்மைதான் டீச்சர், எண்ணைப் பார்க்காமல் எழுதிவிட்டேன். எப்படியும் கணினித் திரையில் அசல் வயலட்டைக் காட்ட வழியில்லை, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கலந்து ஒப்பேற்றுவதுதான். அப்படியானால் கலைச்சொல் பட்டியலில் வயலட்டுக்கு ஊதா, செயலியில் மட்டும் இளவூதா. பர்ப்பிள் இரண்டிலும் செவ்வூதா. ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்குள் சொல்லுங்கள்.

அப்புறம் இன்னொன்று, பட்டியலில் மெஜந்தா, ஃபுக்சியா இரண்டுக்கும் ஒரே எண், 255, 0, 255. ஆங்கிலத்தில் இரண்டு பெயர் இருக்கிறது என்பதற்காக நாமும் இரண்டு தேட வேண்டாம், ஃபுக்சியா வரியை எடுத்துவிடுகிறேன். பிள்ளைகள் கேட்டால் சிவப்பு டிராகன் பழத்தை வெட்டிக் காட்டுங்கள் டீச்சர், கிட்டத்தட்ட அந்த நிறம்தான்.