மறு: முதுகுப்பையின் தோள்மேல் நாடாவுக்கு என்ன சொல்?

எல்லாருக்கும் வணக்கம்.

வீட்டில் தைக்கும் வேட்டைப்பையின் (வேட்டைக்காரர் மாட்டும் முதுகுப்பையின்) வெட்டுப்படத்துக்கு, அதாவது துணி வெட்டும் அளவுப்படத்துக்கு, தமிழில் குறிப்பு எழுதும் வேலை பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. இப்போது ஒரு நாடாவின் பெயரில் நிற்கிறது. தோள்வாரின் மேற்புறத்தில் தொடங்கி, பையை விறைப்பாக நிறுத்தும் சட்டகத்தின் உச்சிக்குப் போகிற சின்ன நாடா அது. 'லோட் லிஃப்டர்' என்பார்கள். குழுவில் இதுவரை சுமைதூக்கி, பிடரிவார், இழுவார் என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. அவற்றை எடைபோடுமுன் அந்த நாடா என்ன வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

பாரம் நிறைந்த பையை மாட்டிக்கொண்டு நடந்தால் அதன் மேற்பகுதி முதுகை விட்டுப் பின்னுக்குச் சாயும். சாய்ந்ததும் தோள்வார் இரண்டும் தோளைப் பின்னுக்கு இழுக்கும். நடப்பவர் விழாமலிருக்க முன்னுக்குக் குனிவார். கொஞ்சத் தூரத்திலேயே கழுத்தும் இடுப்பும் நோகத் தொடங்கிவிடும். இந்த நாடாவை இறுக்கினால் பையின் மேற்பகுதி முதுகோடு வந்து ஒட்டுகிறது, தோளின் மேலிருக்கும் அழுத்தம் குறைகிறது, பாரத்தின் பெரும்பங்கு இடுப்புவாரில் இறங்குகிறது. நாடா தோளிலிருந்து மேல்நோக்கி ஏறத்தாழ 45 பாகை சாய்வில் போனால்தான் இது நடக்கும். அதற்குச் சட்டகம் தோள்மட்டத்தைவிட உயர்ந்து நிற்க வேண்டும். சட்டகமே இல்லாத பையில் இதைத் தைத்தால் துணி மடங்குமே தவிர பாரம் அசையாது.

> சுமைதூக்கி என்றே வைத்துவிடலாமே. நேரடியாகப் புரியும்.

அண்ணன், அது தப்பாகப் புரியும் என்பதுதான் என் கவலை. சுமைதூக்கி என்றால் நம் ஊரில் மூட்டை சுமக்கும் தொழிலாளி. அதைக்கூட விட்டுவிடலாம். தைக்கிற பிள்ளை 'தூக்கி' என்று படித்தால், பாரம் முழுவதையும் தாங்குகிற வார் இது என்று எண்ணிக்கொள்ளும். அகல நாடா எடுத்து உள்ளே பஞ்சும் வைத்துத் தைத்துவிடும். உண்மையில் 20 அல்லது 25 மில்லிமீட்டர் நாடாவே இதற்குப் போதும். இந்த நாடா எதையும் தூக்குவதில்லை, கிட்டக் கொண்டுவருகிறது. கலைச்சொல்லே தைப்பவரின் கையைத் தவறான நாடாவுக்குக் கொண்டுபோகக் கூடாது.

பிடரிவார் சொல்ல நன்றாக இருக்கிறது. ஆனால் நாடா தோளுக்கு மேலே, இரண்டு பக்கமும் இருக்கிறது. பிடரியில் எதுவும் இல்லை. இழுவார் என்பதை வேகமாகப் படித்தால் வினைச்சொல்போல விழுகிறது. 'பிறகு இழுவார் தைக்கவும்' என்ற வரியை வாசிக்கச் சொல்லி வீட்டில் கொடுத்துப் பார்த்தேன், "யார் இழுப்பார்?" என்று கேட்டார்கள்.

என் சொல் அணைநாடா.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கும்போது அது பின்னுக்குச் சாய்ந்தால் ஒரு கையால் முதுகைப் பிடித்து நம்மோடு அணைத்துக்கொள்கிறோம். பாரம் குறைவதில்லை, ஆனால் சுமப்பது லேசாகிவிடும். இந்த நாடா செய்வதும் அதையேதான். 'நாடாவை அணை', 'அணைநாடாவை இளக்கு' என்று வினையாகவும் சொல்லலாம்.

வார் என்று முடிக்காமல் நாடா என்று முடித்ததற்கும் காரணம் உண்டு. உடம்பில் படுகிற, பஞ்சு வைத்த, பாரம் தாங்குகிற எல்லாவற்றையும் வார் என்போம்: தோள்வார், இடுப்புவார். இழுத்து அளவு சரிசெய்கிற தட்டையான பட்டை எல்லாவற்றையும் நாடா என்போம்: அணைநாடா, மார்புநாடா, பக்கநாடா. பெயரைப் பார்த்தவுடனேயே பஞ்சு வேண்டுமா வேண்டாமா என்று தெரிந்துவிடும். இந்த ஒழுங்கைக் குழு ஏற்றுக்கொண்டால் மீதிப் பெயர்கள் பாதி தாமாகவே வந்துவிடும். அணை என்றதும் அணைக்கட்டு நினைவுக்கு வரும் என்று ஒருவர் எழுதியிருந்தார். பக்கத்தில் நாடா நிற்கும்போது அந்தக் குழப்பம் வருமென்று எனக்குத் தோன்றவில்லை.

> வேட்டைப்பை என்ற பெயரையே எடுத்துவிடுங்கள். நம் பக்கத்தில் யார் வேட்டைக்குப் போகிறார்கள்? போனாலும் பிடிபடுவார்கள்.

அக்கா சொல்வது நியாயம். இலங்கையில் 1937ஆம் ஆண்டிலிருந்தே வனவிலங்குப் பாதுகாப்புக்குக் கட்டளைச்சட்டம் இருக்கிறது; கல்லோயா, குமண, லகுகல ஆகிய தேசிய பூங்காக்களுக்குள் வேட்டை கூடவே கூடாது. அந்தத் தடை எனக்கும் வேண்டியதே. ஆனால் இந்த வெட்டு வட அமெரிக்க மலைகளில் மான் இறைச்சியைத் துண்டு துண்டாகச் சுமந்து இறங்குகிறவர்களுக்காக உருவானது. அதன் ஒவ்வொரு உறுப்புக்கும் அந்தத் தொழிலில் ஒரு காரணம் இருக்கிறது. செடியில் உரசும்போது சத்தம் வரக்கூடாது என்பதால் மொறுமொறுப்பான நைலோனுக்கு மேலே கம்பளிபோன்ற மெத்தென்ற துணி போடுகிறார்கள். வெல்குரோவைப் பிரித்தால் சரக்கென்று சத்தம் கேட்கும், அதனால் பக்கிள் வைக்கிறார்கள். இரத்தம் கழுவிப் போக வேண்டுமென்பதற்காக உட்புறம் பூச்சுப் பூசிய துணி. ஆகவே அந்த வெட்டைப் பற்றிப் பேசும்போது வேட்டைப்பை என்பது இருக்கட்டும். நாம் தைத்துப் பயன்படுத்துவதைச் சுமைப்பை என்போம்.

நமக்கு இதைவிடப் பொருத்தமான பை இல்லையென்றே நினைக்கிறேன். கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்களைப் பாருங்கள். உகந்தை முருகன் கோயிலடியில் காட்டுப்பாதை திறந்ததும் குமணக் காட்டுக்குள் இறங்குகிறார்கள். அரிசி, தண்ணீர், சமையல் சாமான் எல்லாம் தலையிலும் தோளிலும்தான். வயதான அம்மாமார் உரச்சாக்கில் கயிறு கட்டி முதுகில் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். அந்தக் கயிறு தோளை அறுக்கிறது. அவர்களுக்காகத்தான் இந்தக் குறிப்பை இவ்வளவு பிடிவாதமாக எழுதுகிறேன்.

அதனால்தான் அடுத்த சொல்லில் இன்னும் கவனம் வேண்டும். சட்டகத்துக்கும் பைக்கும் நடுவே ஓர் இடைவெளி விட்டு, பக்கநாடாக்களை இளக்கினால் பை விலகி, அந்த இடத்தில் பெரிய பாரத்தை வைத்து இறுக்கலாம். பாரம் முதுகோடு ஒட்டியிருக்கும். இதன் அசல் பெயரை அப்படியே தமிழாக்கினால் இறைச்சித்தட்டு என்று வரும். மரக்கறி விரதத்தோடு நடக்கிற ஒருவரிடம் "இறைச்சித்தட்டில் அரிசியை வையுங்கள்" என்று எப்படிச் சொல்வது? சுமைமடி என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். மடியில் வாங்குகிறோம், மடியில் கட்டுகிறோம். சொல் புதியதென்றாலும் அந்தப் பழக்கம் எல்லாருக்கும் தெரிந்தது.

நாடா துணியோடு சேரும் இடங்களில் நெருக்கமாகக் குறுக்கும் மறுக்குமாக ஓடும் குறுந்தையலுக்குப் பூட்டுத்தையல் என்று தம்பி ஒருவர் எழுதியிருந்தார். அந்தப் பெயர் சாதாரண மெசின் தையலுக்கே, மேல்நூலும் கீழ்நூலும் பின்னிப் பூட்டுவதற்கே, வழங்குகிறது. ஆணித்தையல் என்றால் இடமும் வேலையும் இரண்டுமே தெரியும்.

சில இடங்களில் புதுச்சொல் தேவையே இல்லை. துணியை எந்தத் திசையில் வைத்து வெட்டுவது என்பதற்கு 'நூலோட்டத் திசை' என்று நீட்டி எழுத வேண்டாம். மருதமுனைத் தறிக்காரரிடம் கேட்டால் பாவு (நெடுக்கு நூல்), ஊடு (குறுக்கு நூல்) என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுவார்கள். பாரம் இழுக்கும் திசையில் பாவு இருக்கட்டும் என்று எழுதினால் போதும். சிப், பக்கிள் அப்படியே இருக்கட்டும். டெனியரும் அப்படியே. 9000 மீட்டர் இழையின் எடை கிராமில் எவ்வளவு என்பதே டெனியர். அது எடைக் கணக்கு என்பதால் 'இழைத்தடிப்பு' என்று சொல்வது பிழை. அலகுகளை மாற்றப் போனால் கடையில் துணி வாங்க முடியாது.

நூலைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் குறிப்பில் அந்த வரியை மாற்றியிருக்கிறேன். அசலில் நைலோன் நூல் என்று இருந்தது. நம் வெயிலுக்குப் பொலியெஸ்டர் நூல்தான் நல்லது. நைலோன் வெயிலில் சீக்கிரம் பலம் இழக்கும். பருத்தி நூல் ஈரத்தில் உக்கிப்போகும். வீட்டு மெசினில் 16 அல்லது 18ஆம் இலக்க ஊசி போட்டு, தையல் நீளத்தை 3 மில்லிமீட்டர் அளவில் வைத்தால் சரி. அதைவிட நெருக்கினால் ஊசித் துளைகளே துணியைக் கிழித்துவிடும். பூச்சுத் துணியில் குத்தூசி குத்தினால் ஓட்டை மூடாது, உடுப்புக் காயப்போடும் கிளிப்பால் பிடித்துக்கொள்ளலாம்.

ஆடிக்கு முன் குறிப்பை அச்சடித்துத் தைக்கிறவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். அணைநாடாவுக்கு மறுப்பு இருந்தால் உடனே எழுதுங்கள். சுமைமடிக்கு இதைவிட நல்ல சொல் மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கம் எங்காவது வழக்கில் இருந்தால், என்னுடையதை எடுத்துவிட்டு அதையே போட்டுவிடலாம்.